ரத்தினம்மா திருப்பிக் கொடுத்தது

ராஜப்பாவின் கத்தி சொந்தபந்தத்தின் முகத்தில் ஒரு நாளும் ரத்தம் காட்டியதில்லை. அடுத்தவன் முகத்தில் காட்டியிருக்கிறதா என்று கேட்டால், பொடி போட்டுவிட்டுத் தும்மினவன் தாடையில் ஒன்றிரண்டு தரம் காட்டியிருக்கிறது. அது தும்மினவன் குற்றம். ஆனால் வீட்டு ஆள் சவரத்துக்கு உட்கார்ந்தால் ராஜப்பா மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் கத்தியை இறக்குவான். குடியாத்தத்தில் அவன் அப்பன் கத்தியைக் கையில் கொடுத்தபோது ஒரே ஒரு விஷயத்தைத்தான் அழுத்திச் சொன்னான். வீட்டு ஆளின் ரத்தத்தை ஒரு தரம் பார்த்துவிட்ட கத்திக்கு அந்த ருசி விடாது, அப்புறம் அது அவனைத் தேடிக்கொண்டே இருக்கும் என்றான். நீங்கள் சிரிக்கலாம். ராஜப்பா சிரிக்கவில்லை, அதனால் வந்த வினைதான் இவ்வளவும்.

மாரிகுப்பத்துக்கு ரயில் வந்த புதிதில், தங்கச்சி குணசுந்தரியைக் கையில் பிடித்துக்கொண்டு, கத்திப் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து இறங்கினவன் அவன். தங்கச் சுரங்கத்து ஆட்கள் குடியிருக்கும் லைன் வீடுகளில் அவனுக்கு இரண்டு வேலை. உயிரோடு இருக்கிறவனுக்குச் சவரம் செய்வான். செத்தவனுக்குச் சங்கு ஊதி, குழியில் இறக்கி, மூன்றாம் நாள் பால் ஊற்றுகிறவரைக்கும் கூடவே நின்று சடங்கை முடித்துக் கொடுப்பான். ஷாஃப்டுக்குள் பாறை சரிந்து செத்தவர்களுக்குக் குறைவில்லாத ஊர் என்பதால், இரண்டாவது வேலைக்குப் பஞ்சமே வந்ததில்லை. தங்கச்சியைச் சின்னசாமிக்குக் கட்டிக் கொடுத்தான். பூமிக்கு அடியில் பாறை விழாமல் மரம் முட்டுக் கொடுத்து நிறுத்துகிற டிம்பர் வேலை சின்னசாமிக்கு. வாய் ஓயாத ஆள், எதற்கும் ஒரு கிண்டல் வைத்திருப்பான்.

சுரங்கத்து ஆஸ்பத்திரிக்கு ராஜப்பா போனது, ஆபரேஷனுக்கு முன்னால் நோயாளிகளுக்கு மயிர் மழிக்கத்தான். அங்கே இருந்த டாக்டர் தொரை அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் பின் அறைக்குக் கூப்பிட்டு, ஒரு மெழுகுக் கட்டியைக் கையில் கொடுத்து, இதை வெங்காயத் தோலைவிட மெல்லிசாகச் சீவ முடியுமா என்று கேட்டார். மெழுகுக்குள்ளே பயறு அளவுக்கு ஒரு மனிதச் சதை இருந்தது. ராஜப்பா கத்தியைத் தோல் வாரில் நாலு இழுப்பு இழுத்துவிட்டுச் சீவிக் காட்டினான். அன்றைக்கே சவர வேலையிலிருந்து பின் அறை வேலைக்கு மாற்றிவிட்டார்.

அது என்ன வேலை என்று கேட்டால், லேசாகச் சொல்லிவிடலாம். நோயாளியின் கட்டியிலிருந்து தொரை ஒரு துளி சதையைக் கிள்ளி எடுப்பார். அது சில நாள் சாராயத்தில் ஊறும். பிறகு உருக்கின மெழுகில் போட்டு ஆறவைத்தால் கட்டியாக உறைந்துவிடும். ராஜப்பா அதைச் சீவி, சீவலை வெந்நீரில் மிதக்கவிட்டு, கண்ணாடித் துண்டில் ஏந்தி, நீலச் சாயம் ஏற்றி உலர்த்துவான். ஜன்னலோரம் ஒரு பித்தளைக் குழாய் நின்றது. நுண்ணோக்கி என்று இப்போது சொல்கிறோம், அவனுக்கு அது குழாய்தான். அதன் அடியில் கண்ணாடித் துண்டைச் செருகி, தொரை ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்ப்பார். மீதி மெழுகுக் கட்டிகள் ஒரு மரப்பெட்டியில் கிடக்கும். ராஜப்பாவுக்கு எழுத்து தெரியாது என்பதால், ஒவ்வொரு கட்டியின் முதுகிலும் ஆளுக்கொரு அடையாளம் ஊசியால் கீறி வைப்பான்.

ஒரு நாள் தொரை அவனையும் பார்க்கச் சொன்னார். முதலில் கண்ணை மூடிக்கொண்டான். பிறகு திறந்தான். கீழே ஒரு ஊர் தெரிந்தது. வரிசை வரிசையாக வீடுகள், வீட்டுக்கு ஒரு நீல விளக்கு. மலை மேல் ஏறி நின்று நம்ம லைன் வீடுகளைப் பார்த்தால் அப்படித்தான் இருக்கும். "இது நல்ல கன்னம்" என்றார் தொரை. அடுத்த கண்ணாடியைச் செருகினார். அதில் வரிசையே இல்லை. வீடுகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறிக்கொண்டு, சந்தில்லாமல், சில வீட்டில் இரண்டு விளக்கு, மூன்று விளக்கு. நடு நடுவே வெங்காயத்தைக் குறுக்கே அறுத்த மாதிரி வட்டத்துக்குள் வட்டமாக உருண்டைகள். அந்த உருண்டைக்கு டாக்டர்கள் முத்து என்று பெயர் வைத்திருக்கிறார்களாம். கன்னத்தில் இந்த முத்து விளைந்தால் ஆள் பிழைப்பது கஷ்டம் என்றார். ராஜப்பா ஒரு இடத்தைக் காட்டி அது என்ன என்று கேட்டான். ஒரு வீட்டு விளக்கு நூல் நூலாகப் பிரிந்து, ஒன்று இரண்டாகப் போகிற பாதியில் நின்றிருந்தது.

"அது வளர்வது. சாராயத்தில் போட்ட நேரத்தில் வளர்ந்துகொண்டிருந்தது, அப்படியே நின்றுவிட்டது. அது தானாகச் சாகாது, ராஜப்பா. ஆளைச் சாகடித்துவிட்டுத்தான் நிற்கும்" என்றார் தொரை.

அன்றைக்கு ராஜப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. அந்த இரண்டாவது கண்ணாடிக்கு உரியவளை அவனே குழியில் இறக்கியிருந்தான். செத்துப் புதைத்தவளின் சதை இங்கே பாதிப் பிறப்பில் நிற்கிறதே என்று அவனுக்கு உடம்பெல்லாம் கூசியது.

அப்படிச் செத்தவள் ரத்தினம்மா. குணசுந்தரிக்குப் பக்கத்து வீட்டுக்காரி, மேலே வந்த பாறைகளைப் பொறுக்கிப் பிரிக்கிற வேலை. லைனில் எல்லோரும் செய்வது போல, வேலை நேரம் முழுக்க இடது கன்னத்தில் புகையிலையும் சுண்ணாம்பும் அடக்கி வைத்திருப்பாள். அடுப்புக்கு நெருப்பு வாங்கினால் அன்றைக்கே நெருப்பு கொண்டுவந்து கொடுக்கிற பொம்பளை. அடுத்த வீட்டுக் கோழி தன் கொல்லையில் முட்டை இட்டால், அந்த முட்டை சூடு ஆறுவதற்குள் உரியவள் கையில் இருக்கும். வேறு யாருடைய பொருளும் அவள் வீட்டில் ஒரு ராத்திரி தங்கியதில்லை. கன்னத்தில் கட்டி ஓட்டை விழுந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். தொரை ஒரு துளி கிள்ளிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். ஆடி மாசத்தில் போய்விட்டாள். அவள் கட்டியின் முதுகில் ராஜப்பா போட்டிருந்த அடையாளம் ஒரு புள்ளி, அவள் மூக்குத்திக்காக.

அதே சமயத்தில்தான் சின்னசாமிக்கும் இடது கன்னத்தில் வெள்ளைத் தழும்பு ஒன்று தடித்தது. தொரை அவனுக்கும் ஒரு துளி கிள்ளினார். ராஜப்பா அந்தக் கட்டியில் மரம் முட்டுக் கொடுத்த மாதிரி ஒரு பெருக்கல் குறி கீறினான். "அடி வரைக்கும் சீவு. மேலே மட்டும் பார்த்தால் போதாது" என்றார் தொரை. ராஜப்பா கத்தியை எடுத்தான். தங்கச்சி புருஷனின் சதை. மூச்சைப் பிடித்துக்கொண்டான். மெல்லிசாக அஞ்சாறு சீவல் எடுத்துக் குழாயில் வைத்துப் பார்த்தான். வரிசை வரிசையாக வீடுகள், வீட்டுக்கு ஒரு விளக்கு. அப்பாடா என்று கத்தியைத் துடைத்து மடித்துவிட்டான். அதற்கு மேல் வீட்டு ஆளின் உடம்புக்குள் கத்தி போக வேண்டாம் என்று அவனே முடிவு செய்துகொண்டான்.

"அவ்வளவுதானா?" என்றார் தொரை.

"அவ்ளோதாங்க தொரை" என்றான்.

தொரை பார்த்தார், நன்றாக இருக்கிறது, புகையிலையை மட்டும் விட்டுவிடு என்று சின்னசாமியை அனுப்பிவிட்டார். ராஜப்பா வெல்லம் வாங்கிக்கொண்டு தங்கச்சி வீட்டுக்கு ஓடினான். முக்கால் பங்கு சீவாத அந்தக் கட்டி பெட்டியில் கிடந்தது. அவன் மனசிலும் அது கிடந்து உறுத்தியது, ஆனால் எடுத்துப் பார்க்கவில்லை.

கொஞ்ச நாளில் ரத்தினம்மாவின் புருஷன் முனியப்பன் அவனைத் தேடி வந்தான். கிழடு தட்டின ஆள், ரெண்டு வார்த்தைக்கு மேல் பேசாதவன். ஆஸ்பத்திரிப் பின்வாசலில் வந்து நின்றான்.

"ராஜப்பா, அவ வராப்பா."

"யாரு?"

"உங்க அண்ணிதான். சுரங்கத்துல ரெண்டாம் ஷிப்டு ஊதற நேரத்துக்கு வாசல்ல வந்து நிக்கிறா. கன்னத்துல கைய வெச்சிக்கினு. உள்ள வான்னா வர மாட்டன்றா. தொரை கிள்ளிக்கினாரே, அத்தத் தேடறாப்பா. முழுசா பொதைக்கல நாம அவள."

வேறு யாராக இருந்தாலும் போய்ப் படுத்துத் தூங்கு என்று சொல்லியிருப்பான். ஆனால் அவளைக் குழியில் இறக்கினவன் ராஜப்பா, அவள் சதையைப் பெட்டியில் வைத்திருப்பவனும் ராஜப்பா. இரண்டும் ஒரே ஆளாக இருந்தால் எங்கே போய் ஒளிவது? தொரை வெளியே போயிருந்தார். பார்க்க வேண்டியதை எல்லாம் அவர் எப்போதோ பார்த்தாகிவிட்டது. ராஜப்பா பெட்டியைத் திறந்து, கட்டை விரலால் முதுகைத் தடவி, புள்ளி வைத்த கட்டியை எடுத்தான். புள்ளி விரலில் தட்டுப்பட்டது என்று சாகும்வரைக்கும் சத்தியம் செய்தான். மஞ்சள் துணியில் முடிந்து, ரத்தினம்மா தலைமாட்டில் சின்னக் குழி பறித்து வைத்து, சங்கு ஊதி, பச்சரிசி தூவி, பால் ஊற்றினான். முனியப்பன் அழுதான். ராஜப்பாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

அதற்கப்புறம் முனியப்பன் வாசலில் அவள் நிற்கவில்லை. குணசுந்தரி வாசலில் நின்றாள்.

குணசுந்தரி அண்ணனைத் தேடி ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டாள். முகத்தில் ரத்தமே இல்லை. ரெண்டாம் ஷிப்டு ஊதுகிற நேரம், பட்டப் பகல், தெருவில் ஆள் நடமாட்டம் இருக்கிறது. ரத்தினம்மா வாசப்படிக்கு அந்தப் பக்கம் நிற்கிறாளாம்.

"கன்னத்துல கை இல்லண்ணா. முந்தானைல இன்னாவோ முடிஞ்சி வெச்சிக்கினு நிக்கிறா. நெருப்புக் கொண்டாந்து குடுப்பாளே, அந்த மாதிரியே நிக்கிறா. இன்னாக்கான்னு கேட்டா என்னப் பாக்கறா, உள்ள படுத்துக்கினு கீற அவரப் பாக்கறா. கைய நீட்டறா. நான் கதவச் சாத்திட்டேன்."

ராஜப்பாவுக்குப் புரிந்துவிட்டது. தப்பாக வந்த பொருளைத் திருப்பிக் கொடுக்க வந்தவள்தான் அப்படி நிற்பாள். அவளுக்கு யாருடைய பொருள் போயிற்று? தங்கச்சியை வீட்டுக்கு அனுப்பிவிட்டுப் பெட்டியைத் தரையில் கவிழ்த்தான். ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தான். பெருக்கல் குறி போட்ட கட்டி இல்லை. புள்ளி வைத்த கட்டி, மூக்குத்தி மாதிரி சுத்தமான புள்ளியோடு, அங்கேயே இருந்தது.

வெயிலில் மெழுகு இளகி விரலை ஏமாற்றியிருக்கலாம். முனியப்பனைப் பார்த்துக்கொண்டே எடுத்ததில் கை தவறியிருக்கலாம். எப்படியோ, உயிரோடு இருக்கிற தங்கச்சி புருஷனைக் குழியில் வைத்து, சங்கு ஊதி, தன் கையாலேயே பால் ஊற்றிவிட்டு வந்திருக்கிறான். ஊற்றின பாலை அள்ள முடியுமா? அந்த நினைப்பே அவனைக் கொன்றது. அதற்கும் மேலே இன்னொன்று. அந்தக் கட்டியில் சீவாமல் விட்ட முக்கால் பங்கு. ரத்தினம்மா எதைத் திருப்பிக் கொடுக்க இப்படித் துடிக்கிறாள்? அதில் என்ன இருக்கிறது என்று மண்ணுக்குள்ளே கிடந்து அவள் பார்த்துவிட்டாளா? கட்டி வெளியே வந்தாக வேண்டும். அதை முனியப்பனிடம் சொல்லியாக வேண்டும்.

முனியப்பன் முழுசும் கேட்டான். பிறகு எழுந்து வந்து ராஜப்பாவின் கன்னத்தில் ஓங்கி ஒரு அறை விட்டான்.

"எம் பொண்டாட்டி தலைமாட்டுல இன்னொருத்தன் சதைய வெச்சிட்டியேடா."

"வெச்சிட்டேன்."

"பால் ஊத்தின குழியத் தோண்டுவாங்களா? நீதான சடங்கு சொல்றவன், நீயே சொல்லு."

"தோண்டக் கூடாதுதான். தோண்டலன்னா எந் தங்கச்சி தாலி நிக்காது. அவன அரையும் கொறையுமாப் பாத்துட்டு நல்லாக்கீறான்னு தொரைகிட்டச் சொன்னவன் நான். பாவம் பூராவும் என்னுது. நீ வேணாம்னா நான் போயிடறேன்."

முனியப்பன் மூலையில் கிடந்த மண்வெட்டியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டான். "அவ யாரு பொருளையும் வெச்சிக்க மாட்டா" என்று மட்டும் சொன்னான்.

உச்சி வெயிலில் இரண்டு பேரும் சுடுகாட்டுக்குப் போனார்கள். தங்கம் எடுத்த பிறகு மிஞ்சின பாறை மாவைக் கொட்டும் சயனைட் மேடு பக்கத்திலேயே வெள்ளையாக நின்றது. காற்று அடித்தபோது அதிலிருந்து மாவு கிளம்பி இருவர் தலையிலும் படிந்தது. பார்க்கிறவர்களுக்கு இவர்கள் உயிரோடு இருக்கிறவர்களா செத்தவர்களா என்று தெரிந்திருக்காது. முனியப்பன் மண்வெட்டியை ஓங்கினபோது அடியில் சுரங்கத்துக்குள் வெடி வைத்தார்கள். காலுக்குக் கீழே பூமி ஒரு தரம் குலுங்கியது. கோலார் தங்கவயலில் நாள் தவறாமல் பூமி குலுங்கும், அதற்கு யாரும் நின்று பார்ப்பதில்லை. அன்றைக்கு இரண்டு பேரும் நின்றார்கள்.

முனியப்பன் ஒரு கொத்துக்கூடப் போட வேண்டியிருக்கவில்லை. முழங்கை ஆழத்தில் புதைத்த மஞ்சள் முடிச்சு மண்ணுக்கு மேலே வந்து கிடந்தது. நாய் கிளறியிருந்தால் பிறாண்டின தடம் இருக்கும், இல்லை. வெடியில் குலுங்கி மேலே வந்திருக்கும் என்று ராஜப்பா சொல்லிப் பார்த்தான். முனியப்பன் அவனைப் பார்க்கவே இல்லை. குனிந்து அந்த முடிச்சை எடுத்து, இரண்டு கையாலும் ராஜப்பாவிடம் நீட்டினான். வாங்கும்போது ராஜப்பா வாய்விட்டு அழுதுவிட்டான்.

முடிச்சை அவிழ்த்தால் பெருக்கல் குறி. மெழுகு மண்ணை உள்ளே விடவில்லை, வைத்தது வைத்தபடியே இருந்தது. பின் அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு கத்தியை இழுத்தான். அப்பன் சொன்னது காதில் கேட்டது. கேட்கட்டும் என்று கத்தியை இறக்கினான். மேலே நல்ல சீவல்தான் வந்தது. பாதிக்குக் கீழே போய் எடுத்த சீவலுக்குச் சாயம் ஏற்றிக் குழாயில் வைத்தான். வரிசை குலைந்திருந்தது. வீட்டின் மேல் வீடு. நடுவில் ஒரே ஒரு முத்து, சின்னது, வட்டத்துக்குள் வட்டமாக. ஓரத்தில் ஒரு விளக்கு இரண்டாகப் பிரியப் போகிற பாதியில் நின்று அவனைப் பார்த்தது.

தொரை வந்ததும் ஒன்றையும் மறைக்கவில்லை. குழியைக்கூடச் சொன்னான். தொரை குழியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. குழாயிலிருந்து கண்ணை எடுத்துவிட்டு, "அன்றைக்கே அடி வரைக்கும் சீவச் சொன்னேன்" என்றார். கோபத்தில் அவர் கழுத்து சிவந்திருந்தது. "போ, உன் மச்சானைக் கூட்டி வா. இப்போதே" என்றார்.

குளோரோபாரம் கொடுத்து, சின்னசாமியின் இடது கன்னத்தில் பாதியை எடுத்தார்கள். எடுத்த சதை முழுவதையும் சீவ வேண்டியவன் ராஜப்பா. இந்தத் தரம் எங்கேயும் நிறுத்தவில்லை. ஓரத்துக்கு வந்ததும் மறுபடியும் வீடுகள் வரிசையாக வந்தன, நாலு பக்கமும் வந்தன. தொரை பார்த்துவிட்டு, முத்து எதுவும் உள்ளே தங்கவில்லை என்று சொல்லி, அவன் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். அன்று சாயங்காலமே ராஜப்பா புள்ளி வைத்த கட்டியை, முனியப்பனிடம் மூன்று தரம் காட்டி, அவன் விரலையும் தொட்டுப் பார்க்கச் சொல்லி, ரத்தினம்மாவின் தலைமாட்டில் வைத்துப் பால் ஊற்றினான். அப்புறம் அவள் யார் வாசலிலும் நிற்கவில்லை.

பெருக்கல் குறி போட்ட கட்டியில் பாதி மிச்சம் இருந்தது. தொரையிடம் கேட்டு வாங்கி, அதைச் சின்னசாமியின் கையில் வைத்தான் ராஜப்பா. "உம் பொருள், நீயே வெச்சிக்கோ மாப்ளே. எங்கிட்ட இருந்தா பயமாக்கீது" என்றான். சின்னசாமி அதைச் சாமி மாடத்தில் வைத்துக்கொண்டான்.

சின்னசாமிக்கு வாய் கோணிப்போனது, பேச்சு நிற்கவில்லை. மறுபடியும் ஷாஃப்டுக்குள் இறங்கினான். மேலே பாறை முனகினால் மற்றவர்கள் மேலே ஏற்றுகிற கேஜ் கூண்டைப் பார்த்து ஓடுவார்கள். இவன் மட்டும் கடைசி மரத்தை நிறுத்திவிட்டு நிதானமாக வருவான். "எனக்கெல்லாம் எப்பவோ பால் ஊத்தியாச்சுப்பா, எங்க மச்சான் கையால" என்பான். எல்லோரும் சிரிப்பார்கள். ராஜப்பா அந்த இடத்தை விட்டு எழுந்து போய்விடுவான். அவனால் அந்தக் கிண்டலை ஒரு நாளும் தாங்க முடிந்ததில்லை.

சில வருஷம் கழித்து ஊரில் விஷக் காய்ச்சல் வந்தபோது ராஜப்பா போய்ச் சேர்ந்தான். குழியில் இறக்கின பிறகு, மண் தள்ளுவதற்கு முன்னால், சின்னசாமி கையைக் காட்டி நிறுத்தினான். மடியிலிருந்து அந்த மெழுகுக் கட்டியை எடுத்து, குழிக்குள் இறங்கி, மச்சானின் வலது கையில் வைத்து விரல்களை மூடினான்.

குணசுந்தரி பதறிப் போனாள். "இன்னாய்யா பண்ற நீ? உசுரோட கீறவன் பொருளக் குழில வைக்கலாமா?"

"இருக்கட்டும்டி. மச்சான்கிட்ட இருந்தாதான் எனக்குப் பத்திரம்" என்றான் சின்னசாமி, கோணின வாயோடு. கிண்டல் இல்லை, அவன் கண்ணில் தண்ணீர் நின்றது. "மறுபடியும் எனக்கு ஏதானா வந்துச்சின்னா, திருப்பிக் குடுக்க வந்துடுவாரு."

அன்றிலிருந்து ரெண்டாம் ஷிப்டு ஊதும்போதெல்லாம் குணசுந்தரி கைவேலையைப் போட்டுவிட்டு வாசலை எட்டிப் பார்ப்பாள். அண்ணன் முகத்தைப் பார்க்க அவளுக்கு அவ்வளவு ஆசை. வரக் கூடாது என்றுதான் ஒவ்வொரு நாளும் வேண்டிக்கொள்வாள். வாசலில் யாரும் இல்லை என்று தெரிந்ததும் உள்ளே போய் உலை வைப்பாள்.